கூட்டுனா எட்டு வருது

எங்க வீட்டுக்காரி போயிட்டாளா தம்பி? முக்கு திரும்பிட்டாளா? அந்த வேப்பமரம் மறைக்குது. என்னது, மரம் இல்லையா? தண்ணி லாரியா? சரி, ஏதோ ஒண்ணு மறைக்குதுல்ல. திரும்பிட்டாள்ல, அது போதும். உங்க வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வரட்டும். வாங்க, இந்தப் படியில உக்காருவோம். வாங்குறவன் உக்காந்து விக்கிறவன் நின்னா நல்லா இருக்காது.

மொதல்லயே ஒண்ணச் சொல்லிப்புடுறேன். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. உங்க வீட்டுப் பொண்ணு குடுத்த காப்பி பிரமாதம். ஆனா காப்பி குடிச்சோமேன்னு வண்டி வாங்குற ஆளு நானில்ல. செல்லூர்ல வந்து சோலைமலைன்னு கேட்டுப் பாருங்க. சிம்மக்கல்லுல நட்டு போல்ட்டு கடையில வேல பாக்குறவர்னு சொல்ல மாட்டாய்ங்க, பழைய வண்டி பாக்குறவர்னுதான் சொல்லுவாய்ங்க. எங்க தெருவுல ஒருத்தன் பழைய வண்டி வாங்கணும்னா ஜோசியரப் பாக்குறானோ இல்லையோ, என்னையப் பாக்காம அட்வான்ஸ் குடுக்க மாட்டான். ஒரு டீய வாங்கிக் குடுத்து கூட்டிட்டுப் போயிருவாய்ங்க. நானும் போயிருவேன். நமக்கு அது ஒரு சந்தோசம்.

நான் வண்டி பாக்குறது காதால தம்பி. கிக்கர ஒரே ஒதை. நின்ன எடத்துல நின்னுக்கிட்டே சொல்லிருவேன், செயின் தேஞ்சிருக்கு, பிஸ்டன் அடிக்குதுன்னு. சைலன்சர்ல உள்ளங்கைய வச்சு மோந்து பாத்தா ஆயில் குடிக்கிற வண்டியா இல்லையான்னு தெரிஞ்சு போயிரும். இந்தப் பேட்டரி வண்டில என்ன இருக்கு சொல்லுங்க? சாவியப் போட்டீங்க, ஒரு சத்தம் இல்ல. ஓடத் தயாரா நிக்கிதா, ஒறங்குதான்னே தெரியல. கை வைக்க சைலன்சரும் இல்ல. எனக்கு ரெண்டு கையவும் எங்க வைக்கிறதுன்னே தெரியாமப் போச்சு.

ஆனா கண்ணு இருக்குல்ல. கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்தேன். நீங்க கவனிச்சிருப்பீங்க. சார்ஜ் போடுற எடத்துல பின்னு கருகியிருக்கான்னு பாத்தேன். சீட்டத் தூக்கி அடியில வெரல விட்டுத் தடவிப் பாத்தேன். மழைத் தண்ணியில முங்குன வண்டின்னா அங்கதான் சேறு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். எவனும் அங்க கழுவ மாட்டான். ஹேண்டில்பார விட்டுப்புட்டு உருட்டிப் பாத்தேன், ஒரு பக்கமா இழுக்குதான்னு. முன்னாடி மக்கார்டுல ஒரு கீறலக் காட்டுனேன்ல? ஆமா, நீங்க துணிய வச்சுத் தொடச்சதும் போயிருச்சு. தலமுடிதான். ஒத்துக்கிறேன். இருந்தாலும் வண்டி விக்கிறவுக ஒரு தடவ தொடச்சு வைக்கணும்ல?

அப்பறம், சாயங்காலத்துல வண்டி காட்டக் கூடாது தம்பி. நல்ல வெயில்ல காட்டணும். இந்த நேரத்துல எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் தெரியும். என்னது? நாங்கதான் சாயங்காலம் வர்றோம்னு சொன்னோமா? இந்திராணி போன்ல அப்பிடிச் சொன்னாளா? அவ ஏன் அப்பிடிச் சொன்னான்னு தெரியலையே. காலையிலயே போயிருவோம்னுதான் நான் சொன்னேன்.

அவளப் பத்திச் சொல்லணும் உங்களுக்கு. இந்த வண்டி எனக்கில்ல, அவளுக்குத்தான். வில்லாபுரத்துல நைட்டி தைக்கிற கம்பெனி ஒண்ணுல சூப்பர்வைசரா இருக்கா. அவளுக்குக் கீழ ஒரு கூட்டமே தைக்குது. கல்யாணம் ஆன வருசத்துல இருந்து அவளக் கொண்டுபோயி விடுறதும் நான்தான், கூட்டிட்டு வர்றதும் நான்தான். மழையோ வெயிலோ, பந்த்தோ திருவிழாவோ. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல ஆத்துப் பாலம் அடச்சுக் கெடக்கையிலகூட ஊரச் சுத்திக் கொண்டுபோயி விட்டிருக்கேன். இத்தன வருசத்துல அவ ஒரு தடவயாவது டவுன் பஸ் ஏறியிருப்பாளா? கேட்டுப் பாருங்க.

வீட்டுல அவ அதிகமாப் பேச மாட்டா. மாடியில என் தம்பி குடும்பம், கீழ நாங்க, எந்நேரமும் யாராவது ஒருத்தர் நடுவீட்டுல உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருப்பாய்ங்க. அவ பேசுறதெல்லாம் வண்டியிலதான். பின்னாடி ஏறி உக்காந்தவொடன ஆரம்பிச்சான்னா, சாயங்காலம் பருத்திப்பால் கடையில நிப்பாட்டுற வரைக்கும் ஓயாது. எவ எந்த நைட்டிக்குக் கழுத்த மாத்தித் தச்சா, முதலாளி என்ன சொன்னாரு, என் தம்பி பொண்டாட்டி என்ன பேசினா, எல்லாம் வரும். என் வண்டி கொஞ்சம் பழசு, சத்தம் போடும். இப்ப ஹெல்மெட் வேற. பாதி காதுல விழும், பாதி காத்துல போயிரும். நான் "ம்ம்... ஆமா... சரிதான்"னு சொல்லிக்கிட்டே ஓட்டுவேன். பருத்திப்பாலக் குடிச்சிட்டு வாயத் தொடச்சுக்கிட்டு திரும்ப ஏறுவா. அம்புட்டுத்தான், ஒண்ணும் பெரிய விசயமில்ல. ஆனா அந்த நேரம் நல்லா இருக்கும்.

அப்பிடி இருக்கையிலதான் ஒருநா ராத்திரிச் சாப்பாட்டுக்கு உக்காந்திருக்கேன், என் தட்டுக்குப் பக்கத்துல ஒரு கார்ட கொண்டுவந்து வச்சா. லைசென்சு! அவ பேர்ல! கூட வேல பாக்குற ஷகிலாங்கிற பொண்ணோட ஸ்கூட்டர வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கம்பெனிக்குப் பின்னாடி இருக்குற பொட்டல்ல ஓட்டிப் பழகியிருக்கா. எனக்குத் தெரியாம! எட்டுப் போட்டு லைசென்சும் வாங்கிட்டா. வண்டியில நித்தம் அம்புட்டுப் பேசுறவ, இத மட்டும் பேசல பாருங்க. "எனக்கு ஒரு பேட்டரி வண்டி பாத்துக் குடுங்க"ங்குறா. எதுக்கு இப்பன்னு கேட்டேன். "சும்மாதான், உங்களுக்கும் செரமம் கொறையும்ல"ன்னா. எனக்கு என்ன செரமம்? நான் செரமம்னு சொன்னேனா?

எருமை விசயம் நடந்து ஒரு வாரம் இருக்கும், அப்பத்தான் இந்தப் பேச்ச எடுத்தா. எந்த எருமையா? அது ஒண்ணுமில்ல தம்பி. சாயங்காலம் அவளக் கூட்டிட்டு வர்றேன், அவனியாபுரம் ரோட்டுல ஒரு எருமை குறுக்க நிக்கிது. கருப்பு மாடு, கருப்பு ரோடு, பொழுது சாஞ்ச நேரம். யாருக்குத் தெரியும் சொல்லுங்க? லேசாத் தட்டிட்டேன். எருமைக்கு ஒண்ணுமில்ல, திரும்பி என்னைய ஒரு மொற மொறச்சுட்டுப் போயிருச்சு. இந்திராணிக்கு மட்டும் முழங்கையில கொஞ்சம் செராப்பு. மாட்ட இப்பிடி ரோட்டுல அவுத்து விட்டா என்ன பண்றது? இந்தக் கார்ப்பரேசன்காரய்ங்கள வேற சொல்லணும், ஸ்பீட் பிரேக்கர் போடுறாய்ங்க, அதுக்கு வெள்ளப் பெயிண்டு அடிக்கிறதில்ல. அவ பெயிண்டு இருக்குங்குறா. இருந்தா எனக்குத் தெரியாதா? ஆட்டோக்காரய்ங்க வேற லைட்டே போடாம எதுக்க வர்றாய்ங்க. ஊரே கெட்டுப் போச்சு தம்பி. கடையிலயும் அப்பிடித்தான், கம்பெனிக்காரன் பத்து நம்பர் போல்ட்டு டப்பாவுல பன்னெண்ட அடச்சு அனுப்புறான். வாங்கிட்டுப் போறவுக என்னைய வந்து கேக்குறாய்ங்க.

சரி, வண்டி பாத்த கதைய விட்டுட்டேன். அவ கேட்டா நான் வேணாம்னு சொல்லுவேனா? பாத்துக் குடுக்குறேன்னு சொன்னேன். சொன்னபடி பாத்தேன். ஞாயித்துக்கெழமையானா கெளம்பிருவோம். ஆனா பாருங்க, ஒரு வண்டியும் அமையல. ஒண்ணு மேடு ஏறையில முனகுச்சு. ஒண்ணுக்குப் பேட்டரி கேரண்டி முடியப் போவுது. ஒருத்தர் வீட்டுல வண்டியத் தொட்டவொடன உள்ள இருந்து ஒத்தத் தும்மல். ஒரு வண்டி கருப்பு. எங்களுக்குக் கருப்பு ஆகாதுன்னுட்டேன். அந்தப் பொம்பள "இது ஊதாங்க, நல்ல ஊதா"ன்னு கொடிக் கம்பில கெடந்த ஒரு சேலைய எடுத்துப் பக்கத்துல வச்சே காட்டுது. விக்கிறவுக ஆயிரம் சொல்லத்தான செய்வாக!

ஆனையூர்ல ஒருத்தன் சண்டைக்கே வந்துட்டான். வண்டி நல்ல வண்டிதான். ஆனா நம்பரக் கூட்டுனா எட்டு வருது. எட்டு சனியோட நம்பரு, எங்க வீட்டுல எட்டு நம்பர் வண்டி ஏறவே ஏறாது. எங்க சித்தப்பா ஒரு எட்டு நம்பர் டெம்போ வாங்கி அது ஓடுனதவிட ஒர்க் ஷாப்புல நின்னதுதான் ஜாஸ்தி. வேணாம்னுட்டேன். அந்த ஆளு, "யோவ், எங்கய்யா எட்டு வருது, நல்லாப் பாருய்யா"ன்னு கத்துறான். கூட்டல் தெரியாதவன்கிட்ட நான் என்னத்தப் பேச? இந்திராணி நம்பரையே பாத்துக்கிட்டு நின்னா, அப்பறம் என்னையப் பாத்துக்கிட்டு நின்னா. "போவோம்"னா. வந்துட்டோம்.

ஒவ்வொரு தடவயும் ரெண்டு எலுமிச்சம்பழத்தோட கெளம்புவா. முடிஞ்சுட்டா சக்கரத்துக்கு அடியில வச்சு ஏத்தி அப்பிடியே எடுத்துட்டு வந்துரலாம்னு. ஒவ்வொரு தடவயும் பழம் வீட்டுக்கே வந்துரும். மறுநா எலுமிச்சம்பழச் சாதம். மாடியில என் தம்பி மகன் "பெரியப்பா, இன்னைக்கும் வண்டி அமையலையா"ன்னு தூக்குவாளியப் பாத்தே கேக்குறான்! இன்னைக்கு நான்தான் பழம் வாங்கி வரேன்னேன். மறந்துட்டேன். மறதிதான் தம்பி, வேற என்ன.

ஏன் இம்புட்டுச் சொல்றேன்னா, உங்க வண்டியிலயும் அதே வில்லங்கம்தான். வந்தவொடன பாத்துட்டேன். அவ ஆசையா ஓட்டிப் பாக்குறேன்னா, சரி ஓட்டிட்டு வரட்டும்னு விட்டேன். எட்டாயிரத்து இருநூத்தி அறுபத்தொண்ணு. எட்டும் ரெண்டும் பத்து, ஆறு பதினாறு, ஒண்ணு பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. கூட்டுனா எட்டு வருது தம்பி. நான் என்ன பண்ணட்டும்?

என்னது? மூவாயிரத்து இருநூத்தி அறுபத்தொண்ணா?

இல்லையே. எட்டுதான். நான் குனிஞ்சே பாத்தேனே. உங்க வண்டி நம்பர் உங்களுக்குத் தெரியாதாங்குறீங்க, அதுவும் நியாயந்தான். ஆனா ஆனையூர்க்காரனும் இதே மாதிரித்தான்... சரி, போன்ல போட்டோ இருக்கா? காட்டுங்க. இது என்ன, எழுத்து இம்புட்டுப் பொடிசா இருக்கு? வெளிச்சத்தக் கூட்டுங்க. ம்... போன் கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது. வேணாம், போன உள்ள வைங்க. வண்டியே வரட்டும், நேர்ல பாத்துருவோம்.

ஆமா, வண்டி எங்க? இன்னும் காணோமே. ஒரு ரவுண்டுக்கு இம்புட்டு நேரமா? சார்ஜு இருந்துச்சுல்ல? முழுசா இருந்துச்சா. பிரேக்கு நான் அமுத்திப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. இந்த ஏரியா ரோடு அவளுக்குப் பழக்கமில்ல. இருங்க, ஒரு போன் போட்டுப் பாக்குறேன்... அடிக்குது... எடுக்க மாட்டேங்குறா. வண்டி ஓட்டையில எடுக்கக் கூடாதுதான். எடுக்காம இருக்குறதுதான் நல்லது. ஆனா எடுத்தா நல்லா இருக்கும்ல.

நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க. எங்க வீட்டுலயும் இப்பிடித்தான் சிரிக்கிறாய்ங்க.

நெசத்தச் சொல்லட்டுமா தம்பி? உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ. அவ வண்டி வாங்கிட்டா எனக்குச் சாயங்காலம் என்ன வேல? கடை முடிஞ்சு நேரா வீட்டுக்குப் போவேன். அவ தனியா வருவா. தனியா ஒருத்தர் பருத்திப்பால் கடையில நிப்பாட்டிக் குடிச்சுக்கிட்டு இருப்பாங்களா? வீட்டுக்கு வந்தா வாய மூடிக்கிட்டு அடுப்படிக்குப் போயிருவா. எங்கிட்ட பேசுறதுக்கு அவளுக்கு வேற எடமே இல்ல. எனக்கும் இல்ல. எங்க மக செல்வியக் கட்டிக் குடுத்தாச்சு, இனி அவளும் நானும்தான். என்ன கொற கண்டு என்னைய எறக்கி விடப் பாக்குறான்னு தெரியல. அதான் மனசு அடிச்சுக்குது. வண்டியக் கொற சொல்றேன் கொற சொல்றேன்னு அவ நெனைக்கிறா. கொற இருக்கு, சொல்றேன். அது வேற. ஆனா ஒவ்வொரு தடவயும் வண்டி அமையாம திரும்பி, அவ என் பின்னாடி ஏறி உக்காருவா பாருங்க, அப்ப எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும். அத அவகிட்ட சொல்ல முடியுமா?

தெருலைட்டு போட்டுட்டாய்ங்க. இன்னும் காணோம். தம்பி, வாசல்ல நிக்கிதே உங்க காரு, அத எடுங்க, ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துருவோம். இல்ல, நான் நடந்தே போறேன்.

வந்துட்டாளா? எங்க? அந்த வெளிச்சமா? சத்தமே இல்லாம வருது பாருங்க, எமன் மாதிரி.

இந்தா, எங்க போன இம்புட்டு நேரம்? போன் அடிச்சேனே! என்னது? எலுமிச்சம்பழம் வாங்கவா? பழக்கட தேடி அங்கிட்டு போனியா? யாரக் கேட்டு வாங்குன? வண்டி இன்னும் முடியல. இந்த வண்டிக்குக் கூட்டுனா எட்டு வருது. இவரு மூணுங்குறாரு. நீயே பாரு. சரி, நானே பாக்குறேன். தள்ளுங்க தம்பி. மறைக்காதீங்க.

ம்...

இருங்க. இன்னும் கொஞ்சம் கிட்டக்கப் போயிப் பாக்குறேன். மூக்கு இடிக்குது. வெரல வச்சுத் தடவிப் பாக்குறேன்... எட்டுன்னா இந்தப் பக்கம் வளைவு மூடியிருக்கணும்ல. மூடல. தொறந்துதான் இருக்கு.

மூணுதான்.

மூணும் ரெண்டும் அஞ்சு, பதினொண்ணு, பன்னெண்டு. ஒண்ணும் ரெண்டும் மூணு. குருவோட நம்பரு. நல்ல நம்பருதான். பெயிண்டு சரியா அடிக்கல போல தம்பி, அதான்... என்னம்மா? என்ன அப்பிடிப் பாக்குற? பின்னாடி ஏறவா? நானா? நான் எதுக்கு? சரி சரி, கைய விடு, ஏறுறேன். தம்பி, ஒரே நிமிசம். வந்து பேசுவோம்.

வந்துட்டோம். ஒரு சொம்பு தண்ணி குடுங்க தம்பி.

பின்னாடி உக்காந்து பழக்கமில்லாம கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல. மொதல்ல கம்பியப் புடிச்சேன். ஒரு பள்ளம் வந்துச்சு, தோளப் புடிச்சுக்கிட்டேன். நல்லாத்தான் ஓட்டுறா. ஸ்பீட் பிரேக்கருக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சு மெதுவா ஏத்தி எறக்குனா. எனக்குக் குலுங்குனதுக்கப்பறம்தான் ஸ்பீட் பிரேக்கர்னே தெரிஞ்சுச்சு. அதுல வெள்ளப் பெயிண்டு இருக்குன்னா. பளிச்சுன்னு இருக்காம்.

அப்பறம் பேச ஆரம்பிச்சா. தம்பி, ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு! எஞ்சின் சத்தம் இல்ல, ஒண்ணுமில்ல. காதுக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருந்துச்சு. "எருமைய இடிக்கிறதுக்கு எத்தனையோ நாளைக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்"ங்குறா. "நான் பின்னாடி உக்காந்து ‘ஆட்டோ வருது, ஆட்டோ வருது’ன்னு கத்துவேன், நீங்க ‘ம்ம், சரிதான்’னு சொல்லிக்கிட்டே நேராப் போவீங்க. கண்ணுல பொர விழுந்திருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா ‘என் கண்ணுக்கு என்ன’ன்னு கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாம எந்திரிச்சுப் போனீங்க. ஊருக்கெல்லாம் வண்டி பாத்துச் சொல்றவர வண்டி ஓட்டாதீங்கன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? அதான் எனக்கு வண்டி வேணும்னு கேட்டேன்"னா. "உங்கள எறக்கி விடுறதுக்கில்ல, பின்னாடி ஏத்திக்கிறதுக்கு"ங்குறா.

காலையில என்னையச் சிம்மக்கல்லுல எறக்கிட்டு அவ கம்பெனிக்குப் போவாளாம். சாயங்காலம் வந்து ஏத்திக்குவாளாம். அதுக்குத்தான் பொழுது சாயுற நேரமாப் பாத்து உங்க வீட்டுக்கு வந்திருக்கா. அந்த நேரத்துல ஓட்ட முடியுமான்னு அவளுக்குத் தெரியணும்ல.

அதோட விட்டாளா? "நான் இத்தன வருசம் பேசுனதுல உங்களுக்கு என்ன கேட்டுச்சு, ஒண்ணு சொல்லுங்க"ன்னா. எனக்கு ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல தம்பி. கழுத்து மாத்தித் தச்ச நைட்டியச் சொன்னேன். சிரிச்சா. "உங்க தம்பி பொண்டாட்டியத் திட்டியிருக்கேன், சரிதான்னீங்க. உங்களையே திட்டியிருக்கேன், அதுக்கும் சரிதான்னீங்க. செல்வியக் கட்டிக் குடுத்த வாரம் வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தேன், அதுக்கும் ம்ம்னீங்க." எனக்குச் சுருக்குன்னுச்சு. செல்வி புருசன் வீட்டுக்குப் போன அந்த வாரம் நானும் அழுதுக்கிட்டுத்தான் ஓட்டுனேன், ஹெல்மெட்டுக்குள்ள. அதச் சொன்னேன். அவ வண்டிய இன்னும் மெதுவா விட்டா. அப்பறம், "போகட்டும், எல்லாத்தையும் மொதல்ல இருந்து திரும்பச் சொல்றேன், இதுல நல்லாத்தான் கேக்குது"ங்குறா!

எத்தன வருசத்துக் கதை தம்பி! பேட்டரி தாங்கணும்.

அட, சிரிக்காதீங்க. ஆமா, திங்கக்கெழம கண்ணாஸ்பத்திரி. அவதான் கூட்டிட்டுப் போறா. பொரைய எடுத்துட்டாச் சரியாப் போயிருமாம். சரியானா மாத்தி மாத்தி ஓட்டிக்கிறலாம்னு பேசியிருக்கோம், போகையில அவ, வரையில நான். பருத்திப்பாலுக்கு யாரு ஓட்டுனாலும் நிப்பாட்டணும், அது கண்டிசன். ஆனையூர்க்காரன் நம்பர் இருந்தா ஒரு போனப் போட்டு அவன்கிட்டயும் ரெண்டு வார்த்த பேசணும். அந்த ஊதா வண்டிக்கார அம்மாகிட்டயும்தான்.

சரி, சொன்ன வெலைக்கே முடிச்சுக்குவோம். நாங்க வந்த என் பழைய வண்டி இன்னைக்கு உங்க வாசல்லயே நிக்கட்டும், அப்பறமா யாரையாவது விட்டு எடுத்துக்கிறோம். வண்டி நல்ல வண்டி. சோலைமலை சொல்றேன், நம்பிக் குடுங்க.

இந்திராணி, பழத்த எங்கிட்டக் குடு. நீ வண்டியில உக்காரு, இத நான்தான் வைக்கணும். முன்னாடிக்கு ஒண்ணு... பின்னாடிக்கு ஒண்ணு... லைட்டு மங்கலா... இல்ல, லைட்டு நல்லாத்தான் எரியுது. தம்பி, கொஞ்சம் இங்க வாங்க. குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க, பழம் சக்கரத்துக்கு நேரா இருக்கா? எனக்கு சரியாக் கண்ணு தெரியல தம்பி.

உள்ள தள்ளணுமா? இப்ப? இப்ப நேரா இருக்கா?

நீங்க சொன்னாச் சரிதான். இந்திராணி, எடு வண்டிய.